ஆற்று மீனா, பண்ணை மீனா? டிஸ்கஸ் வாங்கும் முன்...

இந்தக் கருத்தரங்கில் எனக்கு அளிக்கப்பட்ட கேள்வி சிறியதுதான். வீட்டுத் தொட்டியில் டிஸ்கஸ் மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர், அமேசான் ஆற்றில் பிடித்து வந்த மீனை வாங்குவதா, பண்ணையில் பொரித்து வளர்ந்த மீனை வாங்குவதா? மற்ற நாள்களில் இரு தரப்பையும் பேசவிட்டு நடுவில் நிற்பது என் தொழில். இன்று மட்டும் ஒரு பக்கம் சாயப் போகிறேன்.

டிஸ்கஸைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. சாப்பாட்டுத் தட்டைச் செங்குத்தாக நிறுத்தி, அதற்குக் கண்ணும் வாயும் வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். ரியோ நீக்ரோ ஆற்றில் கிடைத்த ஒரு வகைக்கு 1840இல் ஹெக்கல் என்ற ஆஸ்திரிய அறிஞர் அறிவியல் பெயர் சூட்டினார். அந்த மீனை இன்றும் ஹெக்கல் டிஸ்கஸ் என்றுதான் சொல்கிறார்கள். இதன் குஞ்சுகள் பொரித்து நீந்தத் தொடங்கியதும் பெற்றோரின் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். தாயும் தகப்பனும் தோலில் சுரக்கும் கோழையை மாறி மாறி ஊட்டும். அதை ஒருமுறை நேரில் பார்த்தவர் இந்த மீனை எளிதில் விடமாட்டார்.

சரி, கேள்விக்கு வருவோம். "ஆற்றில் சுதந்திரமாகத் திரிந்ததைப் பிடித்து வந்து கண்ணாடிப் பெட்டியில் அடைப்பது பாவம், பண்ணை மீன்தான் நியாயம்" என்று நண்பர் ஒருவர் இங்கே பேசினார். நானும் பண்ணை மீன் பக்கம்தான். ஆனால் அந்தக் காரணத்தை ஏற்க மாட்டேன். பிரேசிலில் ரியோ நீக்ரோ கரையில் பார்செலோஸ் என்ற ஊர் இருக்கிறது. பல தலைமுறைகளாக அங்குள்ள குடும்பங்களுக்கு அலங்கார மீன் பிடிப்பதுதான் பிழைப்பு. படகில் போய், இரவில் விளக்கு வெளிச்சத்தில், நீரில் மூழ்கிக் கிடக்கும் கிளைகளுக்கு நடுவே டிஸ்கஸைத் தேடுவார்கள். காடு நின்றால்தான் மீன் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த ஊர்த் திருவிழாவில்கூடக் கார்டினல் மீன் அணி, டிஸ்கஸ் மீன் அணி என்று இரண்டாகப் பிரிந்து ஆடிப்பாடிப் போட்டி போடுகிறார்கள். கார்டினல் டெட்ராவை வெளிநாட்டுப் பண்ணைகள் பொரிக்கத் தொடங்கிய பிறகு அந்த ஊரின் வருமானம் சரிந்தது. ஆகவே ஆற்று மீன் வாங்குகிறவரைக் குற்றவாளியாகப் பார்க்க வேண்டியதில்லை.

என் தயக்கமெல்லாம் நம் வீட்டுக் குழாயைப் பற்றியது. ரியோ நீக்ரோவின் நீர் பால் கலக்காத தேநீர் நிறத்தில் இருக்கும். உப்புச்சத்து ஏறக்குறைய இல்லை. புளிப்புத் தன்மை அதிகம். பிஎச் அளவு ஐந்துக்கும் கீழே போகும். நம் குழாய் நீரோ ஏழை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும், கிருமிநாசினியும் கலந்திருக்கும். சிங்கப்பூரில் இருக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே குழாய் நீரில் குளோராமின் சேர்க்கிறார்கள். வாளியில் பிடித்து ஓர் இரவு வைத்தால் அது போய்விடாது, அதற்குரிய திரவத்தை ஊற்றியே ஆக வேண்டும். கெத்தாப்பாங் இலை போட்டால் நீர் அமேசானாக மாறிவிடும் என்று கடைகளில் சொல்வார்கள். நிறம் மாறும், கொஞ்சம் இதமும் கிடைக்கும், அவ்வளவுதான். ஹெக்கல் டிஸ்கஸை நன்றாக வாழவைக்க வேண்டுமானால் நீரை வடிகட்டி உப்பு நீக்கும் கருவியும், அதைக் கவனிக்கப் பொறுமையும் வேண்டும். எட்டு மணிக்கு வேலை முடிந்து வீடு திரும்புகிறவரால் முடியுமா?

பண்ணை மீன் அப்படியல்ல. பினாங்குப் பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக இந்த வட்டாரத்துத் தண்ணீரிலேயே பொரித்து வளர்ந்தது அது. சாதாரண டிஸ்கஸுக்கு உடம்பில் ஒன்பது கோடுகள். பாம்புத்தோல் போன்ற நுண்ணிய வரிகளோடு பதினான்கு கோடுகள் கொண்ட வகை 1990களில் பினாங்கில்தான் புகழ்பெற்றது. இன்று உலகெங்கும் இருக்கும் 'பிஜன் பிளட்' ரகம் அதே காலத்தில் பாங்காக்கில் பிறந்தது. நம் பக்கத்து ஊர்க்காரர்களின் கைவண்ணம் என்று கொஞ்சம் பெருமைப்படலாம்.

அதற்காகப் பண்ணை மீன் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள். இரண்டு அங்குலக் குஞ்சு பெரிய மீனைப் போல நிறம் காட்டினால் சந்தேகப்படுங்கள். தீவனத்தில் ஹார்மோன் கலந்து நிறம் ஏற்றுகிற வழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்த சில வாரங்களில் அந்த நிறம் வெளுக்கும், இனவிருத்தியும் கெடலாம். உடம்பு சிறுத்துக் கண் மட்டும் பெரிதாக இருந்தால், அது வளர்ச்சி நின்றுபோன மீன். இன்னொரு சங்கதி, நம்மவர் பலருக்குத் தெரியாதது: பல பண்ணைகளில் மாட்டு இருதயத்தை அரைத்துத்தான் தீவனம் செய்கிறார்கள். வீட்டுக் குளிர்பெட்டியில் அதை வைக்க விரும்பாதவர்கள் கவலைப்பட வேண்டாம். இறாலும் மீன் சதையும் அரைத்துக் கொடுக்கலாம், குருணைத் தீவனமும் போதும். பழக்க ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். பட்டினி கிடந்தாவது பழகிக்கொள்ளும்.

எந்த மீனானாலும் ஒன்றிரண்டாக வாங்கி விடாதீர்கள். கூட்டமாக வாழும் பிராணி இது. இரண்டு மட்டும் இருந்தால் வலியது எளியதை விரட்டிக்கொண்டே இருக்கும். ஐந்தாறு மீனும் சுமார் 200 லிட்டர் தொட்டியும் வேண்டும். வெப்பம் 28 முதல் 30 டிகிரி. நம் ஊரில் பகலில் அது தானாக வந்துவிடும், குளிர்சாதன அறையில் இரவு முழுக்க வைத்தால் ஹீட்டர் கட்டாயம்.

இவ்வளவும் கேட்ட பிறகும் ஆற்று மீன்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. முதலில் இரண்டு ஆண்டுகள் பண்ணை மீனை வளர்த்துப் பழகுங்கள். பிறகு வாங்கும்போது தனித் தொட்டியில் ஆறு வாரமாவது வையுங்கள். குடற்புழுவும் செவுள் ஒட்டுண்ணியும் ஆற்று மீனோடு வருவது சகஜம். பண்ணை மீனோடு ஒரே தொட்டியில் சேர்க்காதீர்கள். ஒன்றுக்குப் பழகிப்போன கிருமி மற்றதைக் கொன்றுவிடும். கடைக்காரரிடம் எந்த ஆற்று மீன், வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள். உங்கள் கண்ணெதிரே தீவனம் போடச் சொல்லுங்கள். சாப்பிடாமல் மூலையில் கறுத்து நிற்கும் மீனை, எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காமல் வந்துவிடுங்கள்.