வரிக்கெடுவும் விடுதலை நாளும்



அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழ்வோர் ஆண்டுதோறும் மறவாமல் நினைவில் வைத்திருக்கும் நாள் ஒன்று உண்டு. அது ஏப்ரல் மாதம் 15-ஆம் நாள். முந்தின ஆண்டில் தாம் ஈட்டிய வருமானத்தைக் கணக்கிட்டு, அக்கணக்கை உள்நாட்டு வருவாய்த் துறைக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாள் அதுவே. செலுத்த வேண்டிய வரியில் பாக்கி இருப்பின் அதையும் அன்றைக்குள் செலுத்திவிட வேண்டும். ஆயினும், 2007-ஆம் ஆண்டிலும் 2012-ஆம் ஆண்டிலும் இந்தக் கெடு ஏப்ரல் 17 ஆயிற்று. 2011, 2016, 2017, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் ஏப்ரல் 18 ஆயிற்று.

இதற்காகச் சட்டசபை கூடிப் புதுச் சட்டம் இயற்றவில்லை; அரசாங்கம் மனமிரங்கித் தவணை கொடுக்கவுமில்லை. தலைநகரான வாஷிங்டன் அமைந்துள்ள கொலம்பியா மாவட்டத்தில் கொண்டாடப்படும் ஓர் உள்ளூர் விடுமுறைதான், பல கோடி மக்களின் வரிக்கெடுவை நகர்த்தி வைத்தது. ஒரு நகரத்தின் விடுமுறை நாடு முழுவதையும் தொடுவது எங்ஙனம்? அந்த விடுமுறையின் பொருள்தான் என்ன? இவ்விரண்டையும் இன்று ஆராய்வோம்.

முதலில் சட்டத்தைக் காண்போம். கெடு நாள் சனிக்கிழமையாகவோ, ஞாயிற்றுக்கிழமையாகவோ, சட்டப்படியான விடுமுறை நாளாகவோ அமைந்துவிட்டால், அடுத்து வரும் வேலை நாளில் செய்த காரியமும் காலத்தில் செய்ததாகவே கொள்ளப்படும் என்று அந்நாட்டு வரிச் சட்டத் தொகுப்பின் 7503-ஆம் பிரிவு கூறுகிறது. அலுவலகம் பூட்டிக் கிடக்கும் நாளில் வந்து பணம் கட்டு என்று குடிமகனை வற்புறுத்துவது முறையன்று அல்லவா? சரி, விடுமுறை என்றால் எந்த ஊரின் விடுமுறை? கொலம்பியா மாவட்டத்தின் விடுமுறை என்று அதே பிரிவு விடை கூறிவிடுகிறது. ஆகவே, தலைநகரில் விடுமுறை என்றால், அதனைக் கேள்விப்பட்டிராத தொலைதூர மாநிலத்துக் குடியானவனுக்கும் கெடு நகர்கிறது.

அம்மாவட்டத்தின் விடுதலை நாள் ஏப்ரல் 16. கெடு 15-ஆம் நாளாயிருக்க, அதற்கு மறுநாள் வரும் விடுமுறை கெடுவை எப்படி நகர்த்தும் என்று நீங்கள் கேட்கலாம். மூன்று வகைகளில் அது நிகழ்கிறது. 16-ஆம் நாள் சனிக்கிழமையானால், விடுமுறை முந்தின நாளான வெள்ளிக்கிழமை அனுசரிக்கப்படும். அந்த வெள்ளிக்கிழமையே 15-ஆம் நாள். எனவே கெடு திங்கட்கிழமை, 18-ஆம் நாளுக்குப் போகும். 16-ஆம் நாள் ஞாயிறானால், விடுமுறை திங்களன்று அனுசரிக்கப்படும். 15 சனி, 16 ஞாயிறு, 17 விடுமுறை. ஆகவே கெடு செவ்வாய்க்கிழமை, 18-ஆம் நாள். 16-ஆம் நாள் திங்களாகவே அமைந்தால், 15 ஞாயிறு, 16 விடுமுறை. கெடு 17-ஆம் நாள். மற்றக் கிழமைகளில் இவ்விடுமுறையால் கெடுவுக்கு மாற்றம் ஏதுமில்லை.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இந்த விதி கெடுவை அழித்து எழுதுவதில்லை. தாமதத்தைப் பொறுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். நகர்ந்த நாளான 18-ஆம் நாளுக்குள் வரியைச் செலுத்தியவனுக்கு வட்டி இல்லை. ஆனால், அந்நாளையும் தவறவிட்டு 19-ஆம் நாள் செலுத்துகிறவனுக்கு, வட்டி 18-ஆம் நாளிலிருந்து அன்று, பழைய 15-ஆம் நாளிலிருந்தே கணக்கிடப்படும்.

இன்னொன்று. கணக்கைத் தாக்கல் செய்ய மேலும் ஆறு மாதத் தவணை வேண்டும் என்று கெடுவுக்குள் விண்ணப்பம் செய்துகொண்டால், அது கிடைத்துவிடும். ஆனால் அத்தவணை தாளுக்கே உரியது, பணத்துக்கு உரியதன்று. வரியை மட்டும் கெடுவுக்குள் செலுத்தியே ஆக வேண்டும். தாக்கல் செய்வது வேறு, செலுத்துவது வேறு என்ற இவ்வேற்றுமையை மறந்து பொருள் இழந்தவர் பலர்.

இனி, இந்தக் கெடுவை நகர்த்தும் நாளின் கதைக்கு வருவோம்.

1862-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். நாட்டின் தலைநகரிலேயே மூவாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் அடிமைகளாக இருந்தனர். அவர்கள் அனைவரையும் விடுவிக்கும் சட்டத்தில் அன்று ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்டார். புகழ்பெற்ற விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது 1863 ஜனவரி முதல் நாள். அதற்கு எட்டரை மாதங்களுக்கு முன்பே தலைநகரத்து அடிமைகள் விடுதலை பெற்றனர்.

ஆனால், அந்தச் சட்டத்தின் மறுபக்கத்தையும் நாம் படிக்க வேண்டும். அடிமைகளை இழந்த உடைமையாளருக்கு, அவர்கள் அரசுக்கு விசுவாசமுள்ளவராயின், தலைக்குச் சராசரி 300 டாலர் வரை நஷ்ட ஈடு வழங்கப்பட்டது. இதற்கெனப் பத்து லட்சம் டாலர் பொதுப் பணத்திலிருந்து ஒதுக்கப்பட்டது. உடைமையாளர் 90 நாட்களுக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும் என்று அங்கேயும் ஒரு கெடு இருந்தது. அம்மனுக்களில் மனிதர்கள் பெயரோடும் வயதோடும் விலையோடும் பட்டியலிடப்பட்டனர். 930 மனுக்கள் முழுமையாகவோ பகுதியாகவோ ஏற்கப்பட்டு, 2,989 பேருக்காக ஈடு அளிக்கப்பட்டது. வாழ்நாளெல்லாம் கூலியின்றி உழைத்த அந்த மக்களுக்கோ அவ்வுழைப்புக்காக ஒரு காசும் இல்லை. நாட்டைவிட்டு வெளியேற விரும்புவோருக்கு மட்டும் நூறு டாலர் வரை தரலாம் என்று சட்டம் சொல்லிற்று!

உடைமையாளர் மனுச் செய்யாமற் போனால், அந்த அடிமையின் விடுதலைக்கு அத்தாட்சி ஏது? அவ்வாண்டு ஜூலை 12-ஆம் நாள் இதற்கெனத் துணைச் சட்டம் ஒன்று வந்தது. அத்தகையோர் தாமே மனுச் செய்து, விடுதலைச் சான்றிதழ் பெறலாம் என்று அது வழிசெய்தது. கறுப்பு மக்களின் சாட்சியத்தையும் ஏற்கலாம் என்று கூறியது. நேற்றுவரை பிறர் மனுவில் ஒரு பொருளாக எழுதப்பட்டவன், இன்று தன் பெயரால் தானே மனுச் செய்கிறான்! குடிமைக்கு அது முதற்படி அன்றோ?

அதே 1862-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் லிங்கன் வேறொரு சட்டத்திலும் கையெழுத்திட்டார். போர்ச் செலவுக்காக வரி விதித்து, அதனை வசூலிக்க உள்நாட்டு வருவாய் ஆணையர் என்ற பதவியைத் தோற்றுவித்த சட்டம் அது. இன்றைய வருவாய்த் துறையின் வேர் அதுவே. வரி வாங்கும் துறையும் அதன் கெடுவை நகர்த்தும் விடுதலை நாளும் ஒரே ஆண்டில், ஒரே மனிதரின் கையொப்பத்தால் பிறந்தன.

விடுதலை பெற்றோர் 1866 முதல் ஆண்டுதோறும் ஊர்வலம் நடத்தி அந்நாளைக் கொண்டாடினர். 1901-க்குப் பின் அவ்வழக்கம் நின்றுபோயிற்று. ஒரு நூற்றாண்டு கழித்து, 2002-இல் ஊர்வலம் மீண்டும் தொடங்கிற்று. 2005-இல் அந்நாள் மாவட்டத்தின் பொது விடுமுறையாக்கப்பட்டது. அதன்பிறகுதான் அது வரிக்கெடுவையும் தொடலாயிற்று.

கெடு தள்ளிப்போனது என்று கேட்டு மகிழ்கிறவர்களில் எத்தனை பேர் அதன் காரணத்தைக் கேட்கிறார்கள்? மனிதனுக்கு விலை குறித்து, அவ்விலையை உழைத்தவனுக்குத் தராமல் உடையவனுக்குத் தந்ததும் பொதுப் பணம்தான். நாம் செலுத்தும் வரி எதற்குச் செலவாகிறது, யார் கைக்குப் போகிறது என்று கேட்பதும் குடிமகனின் கடமையே. வரியைக் காலத்தில் செலுத்துவது அக்கடமையில் ஒரு பாதி. அந்தக் கேள்வியை விடாமல் கேட்பது மற்றொரு பாதி.