திண்ணையும் பிரெஞ்சுச் சன்னலும்
(குடியிருப்போர் கூட்டத்தில் பேசியது)

நாம் எல்லோரும் புதுச்சேரி போய் வந்ததைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொன்னார் செயலாளர். கடற்கரைப் படங்களெல்லாம் ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டன. அதனால் வீடுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பிரெஞ்சுக்காரர் பகுதியில் நடந்தால் முதலில் கண்ணில் படுவது வீடு அல்ல, மதில்தான். மஞ்சளும் வெள்ளையுமாக உயர்ந்த சுவர், நடுவில் வளைவு வைத்த பெரிய கதவு. சன்னல்களில் சாய்த்து அடுக்கிய மரப்பட்டிகள். வெயிலைத் தடுக்கும், காற்றை விடும். இவையெல்லாம் 1761க்குப் பிறகு எழுந்தவை. அந்த ஆண்டுதான் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். பத்து வருடம் முன்னால், 1751இல், இதே இரு தரப்பும் மோதிய இடம் நம் ரஞ்சன்குடிக் கோட்டைப் பக்கம். பஸ் அதைத் தாண்டும்போது பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தீர்கள்!

எனக்குப் பிடித்தது பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், தமிழர் தெருக்கள். கீழே திண்ணை, மரத்தூண், தாழ்வாரம். அண்ணாந்து பார்த்தால் மாடியில் பிரெஞ்சு வளைவுச் சன்னல். தாத்தா வேட்டியோடு கோட்டும் போட்டு நிற்கிற மாதிரி. வைசியாள் வீதியில் இப்படிப்பட்ட முகப்புகளை வரிசையாகச் சீர்செய்ததற்கு 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. கடற்கரையில் இருந்த மேரி கட்டடத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2014 மழையில் சரிந்தது. இன்று நாம் பார்ப்பது அதே வடிவில் திரும்பக் கட்டி 2021இல் திறந்தது.

ஒரு சந்தில் கொத்தனார் ஒருவர் பழைய சுவருக்குச் சுண்ணாம்புக் காரை பூசிக்கொண்டிருந்தார். ஏன் சிமெண்ட் இல்லை என்று கேட்டேன். "பழைய செவுத்துல சிமெண்ட் பூசுனா ஈரம் வெளிய வராதுங்க, உள்ளயே அரிச்சிடும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அரியலூர் பக்கம் எங்கள் பூர்வீக வீடும் சுண்ணாம்புச் சுவர்தான். காரை உதிர்கிறதே என்று பத்து வருடம் முன் முழுக்கச் சிமெண்ட் பூசியது நான்தான். இப்போது இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறி நிற்கிறது. இடித்துவிடலாம் என்கிறான் தம்பி. தூண்களுக்கு விலை பேச ஆளும் வந்து போயாயிற்று. சுண்ணாம்புக்கல் பூமியில் பிறந்தவனுக்கு இது தெரியாமல் போனதே!

தம்பி அடுத்த மாதம் வருகிறான். அதற்குள் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். நான் சி பிளாக், இரண்டாம் மாடி.