புரோநோட்டுக் கடனுக்கு நிலத்தை எழுதிக் கொடுக்காதீர்கள்!

(கிளைக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



"அவன் மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டான்" என்றால் திருடனைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறோம். அது 1920-ஆம் வருஷத்துத் திவால் சட்டம்; இன்னும் செல்லுபடியாகிறது. முதலாளி திவால் மனுப் போட்டால் யாரும் காறித் துப்புவதில்லை. நமக்கு மட்டும் என்ன வெட்கம்?

அதில் கடன் ரெண்டு வகை. நிலத்தையோ நகையையோ ஈடு வாங்கியவர் வரிசையில் நிற்க வேண்டாம். ஈட்டை விற்றே எடுத்துக்கொள்வார். கைமாத்து, புரோநோட்டு, உரக்கடை பாக்கி எல்லாம் ஈடில்லாக் கடன். சர்க்கார் பாக்கி, கூலி பாக்கி போக மிச்சத்தில்தான் இவர்களுக்குப் பங்கு. நாலு லட்சம் பாக்கிக்கு ஒரு லட்சம் தேறினால் எல்லோருக்கும் ரூபாய்க்கு நாலணா. வாசலில் வந்து கத்துகிறவருக்குக் கூடுதலாக ஒரு பைசா கிடையாது.

மனுப் போட்டால் நிலம் தப்பிவிடும் என்று நினைக்காதீர்கள். உழவு மாடு, ஏர் கலப்பை, விதை நெல், குடியிருக்கும் வீடு இவற்றுக்குத்தான் விலக்கு. நிலம் கோர்ட் ரிசீவர் கைக்குப் போகும். அதைக் காப்பாற்ற ஒரு வழி, 'இத்தனை தவணையில் இவ்வளவு தருகிறேன்' என்று திட்டம் கொடுப்பது. கூட்டத்துக்கு வந்த கடன் கொடுத்தவர்களில் தலைக்கணக்கில் பாதிக்கு மேலும், பணக்கணக்கில் முக்கால் பங்கும் சம்மதித்து, கோர்ட்டும் ஏற்றால் முரண்டு பிடிக்கிறவரையும் அது கட்டும்.

ஆனால் ஈடு வாங்கியவரைக் கட்டாது! வட்டிக்காரர் ஏன் "புரோநோட்டைக் கிழிச்சிடறேன், அடமானமா எழுதிக் குடு" என்று நடையாய் நடக்கிறார், இப்போது புரிகிறதா? நம் கிளையிலேயே ஒருவர் அறுபதாயிரம் கடனுக்கு ஒன்றரை ஏக்கரை எழுதிக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் நம்மிடம் வந்தார். என்ன செய்ய முடியும்? மைத்துனன் பேருக்கு மாற்றி வைக்கிற சாமர்த்தியமும் வேண்டாம். மனுவுக்கு முந்தின ரெண்டு வருஷத்துக்குள் சும்மா எழுதிக் கொடுத்ததைக் கோர்ட் ரத்து செய்யலாம்.

2016-இல் புதுத் திவால் சட்டம் வந்தது. ஏழைக்குக் கடன் தள்ளுபடி என்று ஒரு அத்தியாயம் உண்டு. வருஷ வருமானம் 60,000 ரூபாய்க்கும், கடன் 35,000-க்கும் மேலே போகக் கூடாதாம். சொந்த வீடும் இருக்கக் கூடாதாம். ஓலைக் குடிசை வைத்திருப்பவனும் வெளியே! அந்த அத்தியாயத்தைக்கூட இன்னும் அமலுக்குக் கொண்டுவரவில்லை. கம்பெனிகளுக்கான பகுதி அந்த வருஷமே அமலுக்கு வந்துவிட்டது.

வரம்பை உயர்த்து, வீட்டு நிபந்தனையை நீக்கு, உடனே அமல்படுத்து என்று தாலுகா ஆபீஸ் முன்னால் உட்காரப் போகிறோம். வருகிறவர்கள் புரோநோட்டு நகல், சிட்டா, அடங்கல் எடுத்து வாருங்கள். அதற்கு முன்னால் யார் பத்திரம் நீட்டினாலும், சங்கத்தில் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.