கொசுவுக்கும் நோய் வரும்

கொசுவைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நான் தென்னையிலிருந்து தொடங்குகிறேன். காரணம் இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1909-ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து சமோவாத் தீவுக்கு ரப்பர் கன்றுகள் கப்பலில் போயின. கன்றுகளோடு ஒரு வண்டும் போய்ச் சேர்ந்தது. நம் தோப்புகளில் தென்னங்குருத்தைக் குடைந்து, விரியும் மட்டையில் முக்கோண முக்கோணமாக வெட்டு விழச் செய்யுமே, அந்தக் காண்டாமிருக வண்டுதான். பசிபிக் தீவுகளில் தென்னையை நம்பி வாழ்ந்தவர்கள் அதனிடம் பட்ட பாடு கொஞ்சமல்ல. அலோய்ஸ் ஹியூகர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் அந்த வண்டைத் தாக்கும் வைரஸ் ஒன்றை 1963-இல் மலேசியாவில் கண்டார். 1967-இல் அதைச் சமோவாவில் விட்டார்கள். வண்டுகள் குறைந்தன. பிறகு வேறு பல தீவுகளிலும் அதே வேலை நடந்தது. 1980-களில் நம் லட்சத்தீவின் மினிக்காயிலும் அந்த வைரஸ் விடப்பட்டது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நோய் தொற்றிய வண்டு உடனே செத்து விழுவதில்லை. நோயோடு பறக்கிறது, எருக்குழிக்குப் போகிறது, மக்கிய தென்னைத் தடிக்குள் நுழைகிறது, அங்கெல்லாம் தன் கழிவில் வைரஸை விட்டுவிட்டு வருகிறது. மனிதர்கள் ஓரிரு இடங்களில் தொடங்கி வைத்தார்கள். மிச்ச வேலையை வண்டே பார்த்துக்கொண்டது.

இந்த உபகாரத்தைக் கொசுவிடமும் எதிர்பார்க்கலாமா என்பதுதான் இன்றைய பேச்சு.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தன் முட்டைகளை ஒரே இடத்தில் இடாது. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று பிரித்துப் பல பாத்திரங்களில் இடும். கொசு ஒழிப்புப் பணியாளர் வீட்டுக்கு வந்தால் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பார், டிரம்மைப் பார்ப்பார், அபேட் மருந்தை ஊற்றுவார். மொட்டைமாடி மூலையில் மல்லாந்து கிடக்கும் கொட்டாங்குச்சியும், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டும், பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீட்டுக் கொல்லையும் அவர் கண்ணில் படுவதில்லை. கொசுவின் கண்ணுக்குத் தப்புவதில்லை. அப்படியானால் மருந்து எடுத்துப்போகும் வேலையை அதனிடமே ஒப்படைத்துவிடலாம் என்று சிலருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

அதற்குப் பொருத்தமான வைரஸ் 1970-களின் தொடக்கத்தில், அன்றைய சோவியத் யூனியனின் உக்ரைனில், ஆய்வகத்தில் வளர்த்த ஏடிஸ் கொசுக்களிடமே அகப்பட்டது. டென்சோவைரஸ் என்று பெயர். நாய்க்குட்டிகளைப் படுத்தும் பார்வோ வைரஸின் தூரத்துச் சொந்தம். ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவுதான் அதன் அளவு. அது கொசுப்புழுவுக்குள் நுழையும் வழியும் விசித்திரமானது. புழுவின் வால் நுனியில், உடம்பின் உப்பைச் சரிக்கட்டுவதற்கென்று மெல்லிய மடல்கள் இருக்கின்றன. பெரும்பாலும் அந்த மடல்களில்தான் தொற்று முதலில் பிடிக்கிறது. முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த புழு என்றால், வெளிறி, அசைவு குறைந்து சாகும். வளர்ந்த புழு தாக்குப்பிடித்துக் கொசுவாகிப் பறந்துவிடும், ஆனால் நோயோடு பறக்கும். அது முட்டையிடப் போகும் பாத்திரத்திலெல்லாம் வைரஸும் இறங்கும்.

சோவியத் நாட்டில் இதிலிருந்து விரோடன் என்ற பெயரில் ஒரு மருந்தே தயாரித்து, திறந்தவெளியில் சோதித்தும் பார்த்தார்கள். ஆனால் கொசுவே வைரஸைச் சுமந்து போகிறதா, போனால் பலன் உண்டா என்பதைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஒரு சோதனை அதைச் செய்தது. ஓர் அறை அளவுள்ள பெரிய கூண்டுகள். முட்டையிடப் பல பாத்திரங்கள். ஒன்றே ஒன்றில் மட்டும் வைரஸைப் போட்டார்கள். சில வாரங்களில் மற்றப் பாத்திரங்களிலும் வைரஸ் வந்து சேர்ந்தது, தங்கவும் செய்தது. கொசு தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது! ஆனால் வாராவாரம் எண்ணிய முட்டைகளின் தொகை சொல்லும்படியாகக் குறையவில்லை. போய்ச் சேர்ந்த வைரஸின் அளவு போதவில்லை.

பலரும் இதைத் தோல்வி என்று மூடிவைப்பார்கள். எனக்கு இது பாதி வெற்றியாகவே படுகிறது. கடினமான பாதி என்று நாம் நினைத்திருந்தது, அதாவது கண்ணுக்குப் படாத பாத்திரத்தைத் தேடிப் போவது, நடந்துவிட்டது. நின்றுபோனது அளவில்.

அளவைக் கூட்டுவது சுலபமில்லை. பிடிஐ என்ற பாக்டீரியாவைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1976-இல் இஸ்ரேலின் நெகெவ் பாலைவனத்தில் கிடைத்தது, இன்று உலகமெங்கும் கொசுப்புழு மருந்தாக விற்கிறது. அதைப் பெரிய கலன்களில் சத்து நீர் ஊற்றி வளர்த்துவிடலாம். வைரஸ் அப்படி வளராது. அதற்கு உயிருள்ள செல் வேண்டும். கொசுவின் செல்லைக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்கும் கலைக்கு வழிவகுத்தவர்களில் நம் நாட்டவர் ஒருவர் உண்டு. புணே வைரஸ் ஆராய்ச்சி மையத்தில் கே. ஆர். பி. சிங் 1967-இல் ஏடிஸ் புழுக்களிலிருந்து செல்களை எடுத்து வளர்த்துக் காட்டினார். அதிலிருந்து பிரித்தெடுத்த ஒரு வகை செல் இன்று உலகின் டெங்கு ஆய்வகங்களில் எல்லாம் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் செல்களைச் சோதித்த பல இடங்களில் டென்சோவைரஸ் ஏற்கெனவே சத்தமில்லாமல் குடியிருந்தது. ஆக, வைரஸ் அதில் வளரும், சந்தேகமில்லை. ஆனால் பிடிஐ விலைக்கு வளராது.

சரி, கொல்வதை விட்டுவிட்டு யோசித்தால் என்ன? டெங்கு நோயாளியைக் கடித்த கொசு மறுநாளே நோயைப் பரப்பாது. கிருமி அதன் குடலைத் தாண்டி எச்சிலுக்கு வந்து சேர எட்டு முதல் பன்னிரண்டு நாள் ஆகும். கொசுவின் ஆயுளே சில வாரம்தான். ஆக, ஆபத்தானது கிழட்டுக் கொசு. அதன் கடைசி நாட்களை மட்டும் பறித்தால் போதும். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. அதற்குள் அது முட்டையிட்டு முடித்திருக்கும் என்பதால், இந்தத் தாக்குதலைத் தாங்கும் சந்ததி மட்டும் பெருகுவதற்கு வாய்ப்பு குறைவு. அப்படிப்பட்ட சந்ததி பெருகிவிடுமோ என்பது வீண் கவலையில்லை. 2007-இல் குவாம் தீவில் நுழைந்த காண்டாமிருக வண்டு வகை, அந்தப் பழைய வைரஸுக்கு மசியவில்லை.

மலேரியா பரப்பும் அனோபிலஸ் கொசுவிலும் 2008-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு டென்சோவைரஸைக் கண்டார்கள். கொசுவுக்கு அது அநேகமாக ஒரு கெடுதலும் செய்வதில்லை. அதையே வாகனமாக்கி, முதிர்ந்த கொசுவில் வேலை செய்து அதன் கடைசி நாட்களைப் பறிக்கும் மரபணுவை ஏற்றி அனுப்பலாம் என்பது திட்டம். வாகனமோ மிகச் சிறியது. அதன் மரபுக் குறிப்பு முழுவதுமே சுமார் 4,000 எழுத்துகள்தான், அதில் சரக்கு ஏற்ற எவ்வளவு இடம் இருக்கும்?

எந்த வழியில் போனாலும் இறாலைக் கேட்காமல் போகக் கூடாது. வன்னாமி இறாலை வளரவிடாமல் செய்து, அதன் கொம்பைக் கோணலாக்கும் ஒரு வைரஸ் உண்டு. கொசுவின் டென்சோவைரஸும் அதுவும் நெருங்கிய உறவு. நெருங்கிய உறவு என்பதால் ஒன்று மற்றதன் இடத்துக்குத் தாவிவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் நாகப்பட்டினம் முதல் ஆந்திரக் கரை வரை இறால் பண்ணை வைத்திருப்பவர்களிடம் வாய்ச்சொல்லாக அதைச் சொல்ல முடியாது, தொட்டியில் சோதித்துக் காட்ட வேண்டும். கொசுக் கட்டுப்பாட்டை ஆராயும் மத்திய நிறுவனம் புதுச்சேரியில் இருக்கிறது. உவர்நீர் இறால் வளர்ப்பை ஆராயும் மத்திய நிறுவனம் சென்னையில் இருக்கிறது. இந்த வைரஸ் நம் நாட்டில் ஒரு கொட்டாங்குச்சித் தண்ணீருக்குள் இறங்குவதற்கு முன், இந்த இரண்டு இடத்து ஆட்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருக்கும்.