விதியும் வரிசையும்: தீச்சுவர் கற்பித்த இலக்கணப் பாடம்



இலக்கணம் கற்பித்தே காலம் கழித்த நாம், கணினி வலையமைப்பின் காவல் விதிகளைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். விதி எங்கிருந்தாலும் அதனை வாசிக்கும் முறை ஒன்று உண்டு. அம்முறையை அறியாமல் நாம் செய்த பிழையையே இன்று உங்கள்முன் வைக்கிறோம்.

பணி ஓய்வுக்குப் பின், தோட்டப்புறத்தில் வாழ்ந்த முதியோரின் பேச்சுத் தமிழை ஒலிப்பதிவு செய்து எழுத்தில் பெயர்க்கும் சிறு முயற்சியில் ஈடுபட்டோம். வேறோர் ஊரில் இருந்தபடி உதவிய இளைஞர் ஒருவர் வி.பி.என். வழியாக நம் வலையமைப்புக்குள் வருவார். அவருக்கு வேண்டியது ஒலிப்பதிவுகள் உள்ள சேவையகம் ஒன்று மட்டுமே. அடுத்த சேவையகத்தில் முதியோரின் பெயர், முகவரி, குடும்பச் செய்திகள் ஆகியவை இருந்தன. அவற்றை எவருக்கும் காட்டமாட்டோம் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தோம்.

வாயிலில் நின்றது லினக்ஸ் இயங்குதளத்தின் ஐபிடேபிள்ஸ் என்னும் தீச்சுவர். கட்டடத்தின் தீச்சுவர் எதனையும் விடாது. கணினியின் தீச்சுவரோ, வருவோரை விசாரித்துச் சிலரை விட்டுச் சிலரைத் தடுக்கும் வாயிற்காவலரைப் போன்றது. 'வி.பி.என். வழி வருவோர் அனைவரையும் விடுக' என்னும் பொதுவிதி அங்கே முன்னரே இருந்தது. பட்டியலின் இறுதியில், 'இம்முகவரியினரை அச்சேவையகத்துக்குள் விடற்க' என்று ஒரு விதியைச் சேர்த்துவிட்டு நிம்மதியாக உறங்கினோம்.

மறுநாள் அவ்விளைஞரே அழைத்தார். "ஐயா, நான் பார்க்கக்கூடாத கோப்புறை ஒன்று திறக்கிறது. உள்ளே பார்க்கவில்லை, நீங்களே கவனியுங்கள்" என்றார். அவருடைய நேர்மை நம் வாக்கைக் காத்தது. நம் விதி காக்கவில்லை.

பிழை எங்கே? இலக்கண நூலில் பொதுவிதியை முதலில் கூறிச் சிறப்புவிதியைப் பின்னர்க் கூறலாம். இயலின் இறுதியில் புறனடையும் வைக்கலாம். சோறு, பானை என்னும் சொற்கள் புணரும்போது றகரம் இரட்டிச் 'சோற்றுப்பானை' ஆகிறது. 'ஊறுகாய்' வினைத்தொகை ஆதலின் அங்ஙனம் இரட்டுவதில்லை. வினைத்தொகை பற்றிய விதி நூலில் எப்பக்கத்தில் இருந்தாலும் நாம் அதனைத் தேடிப் பொருத்துகிறோம். சிறப்புவிதி பொதுவிதியை விலக்கும் என்னும் இக்கொள்கையைப் பாணினிய மரபும் போற்றுகிறது. 1973இல் பால் கிபார்ஸ்கி இதனையே தற்கால மொழியியலில் வகுத்துரைத்தார்.

ஐபிடேபிள்ஸ் அவ்வாறு தேடுவதில்லை. மேலிருந்து கீழாக வாசித்து, 'விடுக' என்றோ 'தடுக்க' என்றோ முடிவு கூறும் முதல் விதி பொருந்தியதும் நின்றுவிடுகிறது. நாம் எழுதிய புறனடையை அது வாசிக்கவே இல்லை. ஒவ்வொரு விதிக்கும் எத்தனை தரவுப் பொட்டலங்கள் பொருந்தின என்னும் கணக்கை அது வைத்திருக்கும். நம் விதிக்கு நேரே 0 என்றிருந்தது. பழுது தேடுவோர் முதலில் காணவேண்டியது அந்த எண்ணைத்தான்.

விதியைப் பொதுவிதிக்கு மேலே ஏற்றினோம். அப்போதும் கோப்புறை திறந்தது. 'ஏற்கெனவே நிலைபெற்ற இணைப்புகளைத் தொடரவிடுக' என்னும் விதி பட்டியலின் உச்சியில் இருந்ததே காரணம். பழைய இணைப்பைத் துண்டித்தபின் தடை வேலை செய்தது. மறுநாள் மீண்டும் திறந்தது! இணையும்போது வி.பி.என். வழங்கும் முகவரி மாறியிருந்தது. நம் விதியோ பழைய முகவரிக்கே காவல் நின்றது. அவருக்கென நிலையான முகவரி ஒன்றை ஒதுக்கினோம்.

இறுதியில் சிந்தனையையே மாற்றினோம். எவற்றைத் தடுப்பது என்று எண்ணிக்கொண்டிருந்தால் ஒன்று விடுபடும். எதனை விடுவது என்று மட்டும் கூறி, எஞ்சிய அனைத்தையும் தடுப்பதே பாதுகாப்பு. ஆகவே ஒலிப்பதிவுச் சேவையகத்தின் 443ஆம் துறைக்கு மட்டும் அவரை விடும் விதி, அதன்கீழ் அவருடைய பிற போக்குவரத்து அனைத்தையும் தடுக்கும் விதி, அதன்பின்னரே பொதுவிதி. உடனே ஒலிப்பதிவுகளும் திறக்கவில்லை. சேவையகத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் 53ஆம் துறையையும் அடைத்திருந்தோம். அதனையும் விட்டபின் எல்லாம் சீராயின. திறக்கவேண்டியது திறக்கிறதா, திறக்கக்கூடாதது திறக்காமல் இருக்கிறதா என இரண்டையும் அவர் பக்கமிருந்தே சோதித்தோம்.

மாணவர்களே, ஒன்றைக் கூறி முடிக்கிறோம். ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தின் பிஎஃப் என்னும் தீச்சுவரில், 'உடனே முடிவுசெய்க' என்று குறித்தாலன்றி, கடைசியாகப் பொருந்தும் விதியே வெல்லும். அங்கே நம் புறனடை சரியாகவே வேலை செய்திருக்கும்! எழுதிய விதி ஒன்றே. வாசிக்கும் முறை வேறு, விளைவும் வேறு. எனவே எந்த நூலாயினும், எந்தக் கருவியாயினும், விதிகளைக் கற்குமுன் அவை வாசிக்கப்படும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆசிரியர்களும் அதனையே முதற்பாடமாக வைக்க வேண்டுகிறோம்.