பழசா இருந்தா என்ன?

ஸ்வீடன் நாட்டு 'அப்பா' குழு 1981-க்குப் பிறகு ஆல்பமே போடாமல் இருந்து, 40 வருஷம் கழிச்சு 2021-இல் 'வோயேஜ்' கொடுத்தது. "பத்துப் பாட்டும் பழைய வாடை" என்கிறார் எதிரணி நண்பர். ஐயா, பேரே அப்பா! அப்பா பழைய மாதிரிதானே பேசுவார்? (சிரிப்பு)

"புதுசா ஒண்ணுமில்லையே" என்று சிலர் குறைப்பட்டார்கள். "அதுக்காகத்தானே வாங்கினோம்" என்றார்கள் ரசிகர்கள். பிரிட்டனில் விற்பனையில் முதலிடம்!

ஒன்று யோசிச்சுப் பாருங்க. அந்த நாலு பேரும் ஒரு காலத்தில் இரண்டு தம்பதிகள். இரண்டு ஜோடியுமே விவாகரத்து ஆனவர்கள். 70 வயதைத் தாண்டி மறுபடி சேர்ந்து வந்தார்கள். பெண்கள் குரல் கொஞ்சம் இறங்கியிருக்கு, மெட்டு இறங்கவில்லை.

வாழ்க்கையில் பிரிந்தவர்கள் பாட்டில் சேர முடியுதுன்னா, அந்தப் பாட்டு பழசாவே இருந்துட்டுப் போகட்டுமே! (கைதட்டல்)