எதற்கு இந்தக் கணக்கு?

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் பன்னிரண்டாம் வகுப்பில் வகைக்கெழுச் சமன்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, இந்தக் கணக்கு எதற்குப் பயன்படும்?" என்று கேட்டான். "பொதுத் தேர்வில் கட்டாயம் வரும்" என்றேன். வகுப்பு சிரித்தது, அவனும் சிரித்தபடியே அமர்ந்துவிட்டான். நான் சொன்னது பொய்யன்று. ஆயினும் ஆசிரியன் சொல்லத்தக்க விடையும் அன்று. 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய்க்கு அஞ்சி நாடே கதவடைத்துக் கிடந்தபொழுது அக்கேள்வி மீண்டும் என் நினைவுக்கு வந்தது. அதற்கு உரிய விடையை இன்று சொல்ல விழைகிறேன்.

1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்டார். கொசுக்குலம் முழுவதையும் ஒழிப்பது நடக்கக்கூடிய செயலா என்று பலர் ஐயுற்றனர். ராஸ் கணிதத்தின் துணையை நாடினார். கொசுக்கள் அனைத்தையும் ஒழிக்க வேண்டுவதில்லை. அவற்றின் தொகை ஓர் எல்லைக்குக் கீழே குறைந்தாலே நோய் தேய்ந்துவிடும் என்று காட்டினார்.

1927-இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்னும் இருவர் இவ்வழியை மேலும் விரிவாக்கினர். மெக்கென்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். கெர்மாக் 1924-இல் ஆய்வுக்கூட விபத்தொன்றில் இரு கண்களின் பார்வையையும் இழந்தவர். ஆயினும் ஆராய்ச்சியைக் கைவிடாதவர். அவர்கள் தம் சமன்பாட்டை, 1905-1906-இல் பம்பாயில் பரவிய பிளேக் நோயின் சாவுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தனர்.

அச்சமன்பாடு அச்சுறுத்துவதன்று. மக்களை நோய் தொற்றக்கூடியவர், நோயுற்றவர், நோயினின்று நீங்கியவர் என மூன்று கூட்டமாகப் பிரியுங்கள். புதிதாக நோய் பெறுவோர் தொகை முதலிரு கூட்டங்களின் பெருக்கற்பலனைப் பொறுத்தது. நீங்குவோர் தொகை நோயுற்றவர் தொகையைப் பொறுத்தது. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால், நோயுற்றவர் தொகை மாறும் வீதம் கிடைக்கும். ஈருறுப்புகளிலும் நோயுற்றவர் தொகை பொதுவாக நிற்கிறதன்றோ? அதை வெளியே எடுங்கள். அடைப்புக்குள் எஞ்சுவது மிகை எனில் நோய் வளரும். குறை எனில் தேயும். மிகையா குறையா என்பதைத் தீர்மானிப்பது, தொற்றக்கூடியவர் எத்தனை பேர் என்பதே. பொது உறுப்பை வெளியே எடுக்கும் இவ்வித்தை பள்ளியிலேயே நீங்கள் கற்றதுதான்.

எடுத்துக்காட்டாக, நோயுற்ற ஒருவர் இருவருக்கு நோயைத் தருவதாகக் கொள்வோம். பத்தாம் சுற்றில் மட்டும் புதிதாக 1,024 பேர் நோயுறுவர். பாதிப்பேருக்கு எதிர்ப்பாற்றல் இருப்பின், ஒருவர் ஒருவருக்கே தருவார், நோய் வளராது. தட்டம்மையில், பாதுகாப்பற்ற ஊரில் ஒருவர் 12 முதல் 18 பேருக்குத் தரக்கூடும் என்பர். 15 என்று கொண்டால், 15-இல் 14 பங்கினர், அதாவது நூற்றுக்கு 93 பேருக்கு மேல், பாதுகாப்புப் பெற்றிருத்தல் வேண்டும். நூற்றில் பத்துக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி தவறினாலும் அந்நோய்க்குக் கதவு திறந்துவிடும்.

கல்லூரி வகுப்பில் இருபது பயிற்சிக் கணக்குகளில் இரண்டைக் குறைத்து, இத்தகைய ஆராய்ச்சி ஒன்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். அரசுகள் வெளியிட்ட கொரோனாக் கணக்குகளை மாணவர் கையில் கொடுத்து, சமன்பாடு எங்கே பொருந்துகிறது, எங்கே பிழைக்கிறது என்று பார்க்கச் சொல்லலாம். எல்லோரும் எல்லோருடனும் ஒரே அளவில் பழகுகின்றனர் என்பது இச்சமன்பாட்டின் துணிபு. சந்தைத் தெருவில் வாழ்பவரும் தனித்த தோட்டத்து வீட்டில் வாழ்பவரும் அவ்வாறு பழகுவரோ? பம்பாய்க் கணக்கும் அழகாகப் பொருந்தியதுதான். ஆயினும் பிளேக் எலியாலும் தெள்ளுப்பூச்சியாலும் பரவுவது, பருவத்தோடு ஏறி இறங்குவது என்பவற்றைக் காட்டி, அப்பொருத்தத்தைப் பிற்கால ஆய்வாளர் ஐயுற்றனர். கோடு பொருந்துவதனாலேயே காரணம் விளங்கிவிட்டதாகாது. பாடநூற் கணக்குக்கு விடை கடைசிப் பக்கத்தில் இருக்கும். ஆராய்ச்சிக் கணக்கின் விடையோ அடுத்த கேள்வியை ஈன்றெடுக்கும். இவ்வேறுபாட்டை உணராமல் மாணவன் பட்டம் பெறலாம், கணிதம் பெற்றவனாகான்.

பாடத்திட்டம் பெரிது, நேரம் சிறிது என்பது உண்மையே. நானும் அதையே சொல்லி வந்தவன். அன்று ஒரு மணி நேரம் செலவிட்டிருந்தால் பாடம் ஒரு நாள் பின்தங்கியிருக்கும். ஒரு மாணவனின் கேள்வி உயிரோடு இருந்திருக்கும்.

ஆகவே, மாணவ நண்பர்களே, "எதற்கு?" என்று கேட்கத் தயங்காதீர்கள். ஆசிரியர் உடனே விடை சொல்லாவிட்டால் சற்றுப் பொறுங்கள். எனக்கு விடை சொல்ல இத்தனை ஆண்டுகள் ஆயின.